ஞாயிற்றுக்கிழமைக் குவிமாடங்கள்

நவம்பர் 24, ஞாயிறு

டெல்லியில் குளிர் ஆரம்பித்துவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைக் கடிக்கிறது. வெந்நீர் போடுகிற கெய்சர் பாதிக் குளியலில் கைவிட்டுவிடுகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகி உட்கார்ந்திருக்கிறது. அதை வெயிலில் வைத்து அது இளகுவதற்குள் தலை வாருகிற எண்ணமே போய்விடுகிறது. இட்லி மாவு பொங்குவதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் இந்தப் பதவி உயர்வு எனக்குத் தேவையா?

வங்கியில் இரண்டு முறை பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். உயர்த்தினால் வடக்கே தூக்கிப் போடுவார்கள், அப்போது மகள் மதிவதனி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இந்த முறை என் வீட்டுக்காரர் விடவில்லை. "போய்ட்டு வா சாந்தா. எத்தனை வருஷம் ஒரே நாற்காலியில உக்காந்திருப்ப?" என்று பிடிவாதம் பிடித்தார். அவருக்கு உறையூரில் பெயிண்ட் கடை. அதை விட்டு அவர் வர முடியாது. ஆக ஜூன் மாதத்திலிருந்து நான் மட்டும் இங்கே, லாஜ்பத் நகரில் மிஸஸ் சாவ்லா வீட்டு மாடியில், ஓர் அறையில்.

டாக்டர் சர்க்கரைக்காக நடக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் இன்று லோதி தோட்டம் வரை போனேன். தோட்டம் என்றுதான் பெயர், உள்ளே முழுக்கப் பழைய அரசர்களின் சமாதிகள். ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபம் அளவு. எட்டுப் பட்டையாக ஒன்று இருக்கிறது. மூலைக்கு மூலை சாய்வான முட்டுச் சுவர், பருமனான ஆள் காலை அகட்டி நிற்பது போல. காலையில் மூட்டத்துக்கு மேலே அதன் குவிமாடம் மட்டும்தான் தெரிந்தது. வெயில் ஏற ஏறக் கீழே ஒவ்வொரு வளைவாக வெளியே வந்தது. அது முழுசாகத் தெரிகிற வரைக்கும் நின்றேன். பிறகு சுற்றிச் சுற்றி வந்ததில் மதியமாகிவிட்டது. நடைதானே, உடம்புக்கு நல்லது.

சாயங்காலம் அவர் போன் செய்தார். குளிர், கெய்சர், மாவு எல்லாவற்றையும் சொன்னேன். "பாவம்மா நீ" என்றார். தோட்டத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

நவம்பர் 27, புதன்

மாவு இன்றும் பொங்கவில்லை. மாவுப் பாத்திரத்தை ரஜாய்க்குள் சுற்றி வைக்கும்படி மிஸஸ் சாவ்லா சொல்கிறார். அப்புறம் நான் எதைப் போர்த்திக்கொள்வது?

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று சுந்தர் நர்சரி. பெயரைக் கேட்டு ரோஜாக் கன்று விற்கிற இடம் என்று நினைத்திருந்தேன். நடுவே நீண்ட நீர்க்கால்வாய், இரண்டு பக்கமும் பூப்பாத்திகள், அதன் கோடியில் சின்னதாக ஒரு சதுரக் கட்டடம். சுந்தர் புர்ஜ் என்கிறார்கள். வெளியே பார்த்தால் சாதாரணம்தான். உள்ளே போய் அண்ணாந்தால் கூரை முழுக்கச் சுண்ணாம்புச் சாந்தில் நட்சத்திரங்கள், ஒன்றின் முனையிலிருந்து அடுத்தது கிளம்பி. கழுத்து வலிக்கிற வரை பார்த்தேன். யாரும் "நேரமாச்சு" என்று சொல்லவில்லை.

ரேணு பட்நாகர் என்று ஓர் அம்மா பழக்கமாகியிருக்கிறார். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். லட்டு என்ற ஒரு குண்டு நாயோடு ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு பூங்காவுக்கு வந்துவிடுகிறார். அவருக்கு வரலாறு தெரியும், எனக்கு வேர்க்கடலை பேரம் பேசத் தெரியும். ஜோடி சரியாகத்தான் இருக்கிறது.

ஊரில் ஞாயிறு என்றால் ஆட்டுக்கறி, வாரத் துணி, சாயங்காலம் நாத்தனார் குடும்பம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

டிசம்பர் 4, புதன்

இந்த ஊர்ப் புகையில் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இன்று அவரோடு பேசும்போதும் உறிஞ்சி உறிஞ்சித்தான் பேசினேன். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோய், கீழேயிருந்து மேலே தூக்கிக் கொடுக்க ஆளில்லாமல் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாதியில் நிறுத்தி, "சரி சரி, போதும். நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று தெரியவில்லை. மூக்கடைப்புக்கு ஏதாவது தைலம் அனுப்புவாராக இருக்கும்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஹுமாயூன் சமாதி. எழுத வார்த்தை வரவில்லை. கால் வலி இல்லை.

டிசம்பர் 11, புதன்

மதியம் மேலாளர் கூப்பிட்டு ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். எனக்குத் திருச்சிக்கு மாற்றல்.

இங்கே வந்த புதிதில் எல்லாரும் எழுதிக் கொடுப்பது போல நானும் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தேன். இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றார்கள். ஆறே மாதத்தில் வந்துவிட்டது. திருச்சிக்குப் போன் செய்தால், என் வீட்டுக்காரருடைய வேலைதான். எங்கள் வங்கித் தொழிற்சங்கப் பெரியவர் ஒருவர் இவர் கடையின் பழைய வாடிக்கையாளராம். அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

23ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் இரண்டு வருடத்துக்கு மறுபடி கேட்க முடியாது. யார்தான் வேண்டாம் என்பார்கள்? கிளையில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். நான் ரசகுல்லா வாங்கிக் கொடுத்தேன். மதிவதனி போனிலேயே கத்திவிட்டாள், "அம்மா, சூப்பர்ம்மா!"

சந்தோஷமாக இருக்கிறது. தலைவலி. சாப்பிடாமல் படுக்கிறேன்.

டிசம்பர் 12, வியாழன்

அவர் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம். மாற்றல் வந்தால் மொட்டை என்று. இன்று காலையிலேயே போய்ப் போட்டுக்கொண்டுவிட்டார்.

"உங்க தலையில இருந்த முடிக்கு அம்மா எப்படி ஒத்துக்கிட்டா?" என்றேன்.

"இருந்ததைக் குடுத்தேன். மனசுதானே கணக்கு" என்று சிரித்தார். எவ்வளவு நாளாயிற்று அவர் இப்படிச் சிரித்து. பிறகு, "இருபதாம் தேதி வரேன். சாமான் கட்டணும்ல? ரெண்டு பேருக்கும் சேத்துத் திரும்ப டிக்கெட் போட்டுட்டேன். ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த டெல்லியையும் ஒரு நாள் சுத்திக் காட்டிரு" என்றார்.

சரிங்க என்றேன். ஒரு மனிதர் தலைமுடியையே கொடுத்த பிறகு வேறென்ன சொல்ல முடியும்?

டிசம்பர் 15, ஞாயிறு

ஒப்புதல் கடிதம் தயார். பையில்தான் இருக்கிறது. இந்த வாரம் கிளையில் வேலை அதிகம், கொடுக்க நேரமில்லை.

பழைய கோட்டைக்குப் போனேன். புல்வெளிக்கு நடுவே செங்கல் நிறத்தில் எண்கோணமாக ஒரு மண்டபம். அதன் படிக்கட்டில்தான் ஹுமாயூன் தவறி விழுந்து இறந்தாராம். எவ்வளவு பெரிய ராஜா, ஒரு படி கால் இடறிப் போய்விட்டார். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரேணுவிடம் ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்று சொன்னேன். எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள், இந்த அம்மா மட்டும் "அடடா" என்றார். எனக்கு ஏனோ அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. லட்டுவின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 18, புதன்

வேலை அதிகம். கொடுக்கவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

இவர் வந்து சேர்ந்தார். நிஜாமுதீன் ஸ்டேஷனில் குரங்குக் குல்லா, தம்பியிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர், அதன் மேல் ஒரு சால்வை, கையில் ஒரு டின் நல்லெண்ணெய். கூட்டத்தில் தேடவே வேண்டியிருக்கவில்லை. குல்லாவைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தின் மஞ்சள் இன்னும் காதோரம் கொஞ்சம் இருந்தது. சிரிக்கத்தான் நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

"அழாத. அதான் வந்துட்டேன்ல" என்றார்.

அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா ஆறு மாசம் கிடந்த?" என்று கேட்டார். மெலிந்திருக்கிறார். முகம் வாடியிருக்கிறது. காபி குடித்த கையோடு கயிறும் அட்டைப் பெட்டியும் வாங்கிவந்து பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு குக்கர். என் குடும்பம் மொத்தமும் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டது.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

காலையில் நல்ல மூட்டம். லோதி தோட்டத்து வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது எதிரே நிற்கிற மரம்கூடத் தெரியவில்லை. "ஒண்ணுமே தெரியலயே, இதைப் பாக்கவா கூட்டிட்டு வந்த?" என்றார். பொறுங்கள், தெரியும் என்று சொல்லி முன்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் பக்கத்தில் அவர் இல்லை என்று கவனித்தேன். திரும்பினால் பின்னால் எங்கோ மூச்சு வாங்க வந்துகொண்டிருக்கிறார்.

"ஏன் இந்த ஓட்டம் ஓடுற? முட்டி வலின்னு மலைக்கோட்டைக்குக் கூப்பிட்டாக்கூட வர மாட்டியே. அந்த முட்டி எங்க போச்சு?"

"டெல்லிக் குளிர்ல வலி மரத்துப்போச்சுங்க" என்றேன். எப்படித்தான் எனக்கு இப்படிப் பொய் வருகிறதோ.

பெரிய கும்மட்டத்துக்கு அழைத்துப்போனேன். பரா கும்பத் என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாக மாடம், இரண்டு மாடிக் கட்டடம் என்று சத்தியம் செய்யலாம். உள்ளே போனால் தரையிலிருந்து உச்சி வரை ஒரே கூடம். அவர் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மாடி எங்க?"

"மாடியே கிடையாது. வெளியில அப்படித் தெரியும், அவ்வளவுதான்."

"யாரோட சமாதி?"

"இதுல சமாதியும் கிடையாது. எதுக்குக் கட்டினாங்கன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. வாசல்ங்கிறாங்க."

"தெரியாமயா இவ்வளவு பெரிசாக் கட்டுவான்?"

"இருந்துட்டுப் போகட்டுமே. எனக்கு இதுக்குள்ள நிக்கப் பிடிக்கும். சத்தம் எல்லாம் வெளியவே நின்னுடும்."

பிடிக்கும் என்று சொன்னதும் என்னை ஒரு தரம் பார்த்தார்.

எதிரே இன்னொரு கும்மட்டம். அதன் நெற்றியில் நீல ஓடுகள் பதித்திருந்தார்கள், பெரும்பாலும் உதிர்ந்துபோய் அங்கங்கே கொஞ்சம் மிச்சம். அதற்குள் வெயில் வந்திருந்தது, நீலம் பளபளத்தது. பெயிண்ட் கடைக்காரர் அசந்துபோய்விட்டார். "ஐநூறு வருஷத்துக்கு மேலயா? நான் அஞ்சு வருஷத்துக்குக் கேரண்டி குடுத்துட்டு ராத்திரி தூக்கம் வராமக் கிடக்கேன்" என்றார். சுவரைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினார், காவலர் விசில் அடித்தார்.

அங்கேதான் ரேணு வந்தார். லட்டு ஓடிவந்து என் காலைச் சுற்றியது. அறிமுகம் செய்துவைத்தேன். ரேணு இவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "நீங்கள் இவரைக் கூட்டிப்போகிறீர்களாமே, எங்களுக்குப் பெரிய நஷ்டம். மார்ச் மாதம் வரை ஒவ்வொரு ஞாயிறும் எங்கே போவது என்று இவர் திட்டம் போட்டு வைத்திருந்தார். அடுத்தது மெஹ்ரோலி, அதற்கடுத்தது துக்ளகாபாத். நான் இந்த ஊரில் பிறந்தவள், நான் பார்க்காததை எல்லாம் இவர்தான் எனக்குக் காட்டினார்." பிறகு என்னைக் கட்டிப்பிடித்து விடை சொல்லிவிட்டுப் போனார்.

இவர் கடை நடத்துகிறவர், ஆங்கிலம் நன்றாகவே புரியும். சிக்கந்தர் லோதி சமாதியின் மதிலோரப் புல்வெளி வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். வெயில் நன்றாக அடித்தது. உட்கார்ந்தோம். பையிலிருந்த ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். ஒரு சுளையைக்கூட வாயில் போடாமல் உரித்துக்கொண்டே இருந்தார்.

"மார்ச் வரைக்கும் திட்டமா?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க. சர்க்கரைக்கு நடக்கணும்ல."

"சாந்தா. என் முகத்தைப் பாத்துச் சொல்லு. நீ இங்க நல்லாத்தான இருக்க?"

நான் புல்லைப் பார்த்தேன்.

"அப்ப போன்ல எதுக்கு அழுத?"

"எப்ப அழுதேன்?"

"சிலிண்டர் தீந்துபோச்சுன்னு சொன்ன அன்னைக்கு. விசும்பி விசும்பிப் பேசுனியே. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"அது ஜலதோஷங்க! இந்த ஊர்ப் புகைக்கு எல்லாருக்கும் மூக்கு ஒழுகும்."

அவர் என்னையே பார்த்தார். "ஜலதோஷமா?" என்றார். "ஜலதோஷத்துக்கா நான் சங்கத்துக்காரர் வீட்டு வாசல்ல மூணு நாள் நின்னேன்? ஜலதோஷத்துக்கா மொட்டை போட்டேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை.

"நாந்தான உன்னைப் போ போன்னு தள்ளினேன்" என்றார். "ஒவ்வொரு நாளும் நீ தண்ணி வரல, மாவு பொங்கலன்னு சொல்லும்போது, பாவி, கூட இருந்தவளைக் கொண்டுபோய்க் கிணத்துல தள்ளிட்டமேன்னு இருக்கும். அக்கா வேற வந்து, பொண்டாட்டி சம்பளத்துக்கு ஆசைப்பட்டு அனுப்பிட்டன்னு சொல்லுது. போனை வெச்சா தூக்கம் வராது. நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நீ?"

எப்படிச் சொல்வேன்? ஆறு மாதமாக மெஸ் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு தனியாகக் கிடக்கிற மனிதரிடம், எனக்கு இங்கே ஜோராக இருக்கிறது என்றா? எங்கள் வீட்டில் யாருமே அப்படிப் பேசுவதில்லை. என் அம்மா பிறந்த வீட்டுக்கு வந்தால்கூட முதலில் ஒரு வலியைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். புருஷனை விட்டு வந்த இடத்தில் சந்தோஷம் என்று சொன்னால் வாய் வெந்துபோகும் என்றுதான் வளர்ந்தோம். குறை சொல்வதுதான் நான் அவரிடம் பிரியமாக இருக்கிற விதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் அவர் இப்படி வெந்துபோவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எல்லாம் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. ஏதோ உளறினேன், அவருக்குப் புரிந்தது.

"சரி, இப்ப சொல்லு. நாளைக்கு அந்தக் கடுதாசியைக் குடுக்கணும். உனக்கு என்ன வேணும்?"

"உங்களுக்கு எது சௌகரியமோ..."

"எனக்குக் கஷ்டம்தான். வீட்டுல திட்டறதுக்கு ஆளில்லாம வீடு வீடு மாதிரியே இல்ல. அதை நான் சொல்லிட்டேன். உனக்கு என்ன வேணும்னு நீ சொல்லு. கண்ணாலம் ஆன நாள்லேந்து ஒரு புடவைகூட எனக்கு இது வேணும்னு நீ கேட்டது கிடையாது. ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லு."

ஒரு குடும்பம் எங்களுக்கு முன்னால் பந்து விளையாடிக்கொண்டிருந்தது. சிக்கந்தர் லோதி மதிலுக்கு அந்தப்பக்கம் படுத்திருந்தார். எத்தனையோ பேருடைய கடன் மனுவை முகத்துக்கு நேராக நிராகரித்திருக்கிறேன், அதற்கெல்லாம் குரல் நடுங்கியதில்லை.

"எனக்கு இங்க இருக்கணும்" என்றேன். "உங்களை வேண்டாம்னு இல்ல. உங்க ஞாபகம் வராத நாளே இல்ல. ஆனா எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இங்க இருக்கணும்."

சொல்லிவிட்டு அழுதேன். நிஜமாகவே அழுதேன், ஜலதோஷம் இல்லை. அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். மாவு மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிய ஆள் போல உட்கார்ந்திருந்தார். பிறகு உரித்து வைத்திருந்த ஆரஞ்சு முழுவதையும் என்னிடம் கொடுத்து, "தின்னு" என்றார்.

"ரெண்டு வருஷத்துக்கு மறுபடி கேக்க முடியாதுங்க" என்றேன்.

"கேட்டவரைக்கும் போதும். அந்தச் சங்கத்துக்காரர் மூஞ்சில இனிமே முழிக்க முடியாது."

அதற்குப் பிறகு இருவருக்கும் பயங்கரப் பசி. எட்டுத் தூண் பாலத்தைத் தாண்டி வெளியே வந்து சோளே பட்டூரா சாப்பிட்டோம். பூரி ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே மூன்று சாப்பிட்டார். அங்கிருந்து ஆட்டோ பிடித்து சுந்தர் நர்சரி. போகிற வழி முழுக்க என் நெஞ்சு லேசாக இருந்தது. இத்தனை நாளாக அங்கே ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது என்பதே அது இறங்கின பிறகுதான் தெரிந்தது.

சுந்தர் புர்ஜுக்குள் நுழைந்து கூரையைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தவர் குல்லா கீழே விழுவதைக்கூடக் கவனிக்கவில்லை. "சுண்ணாம்புலயா? கையாலயா?" என்றார். கழுத்து வலித்ததும் சால்வையை விரித்துத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். மொட்டைத் தலை, மூடாத வாய். எனக்கு வெட்கமாகிவிட்டது. "எந்திரிங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

"பாக்கட்டும். நீயும் படு."

ஆட்கள் நகர்கிற நேரம் பார்த்து நானும் படுத்தேன். கல் சில்லென்று இருந்தது. நட்சத்திரங்கள் நின்று பார்ப்பதைவிடப் படுத்துப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கின்றன. காவலர் வந்து விசில் அடிக்கும்வரை கிடந்தோம். எழுந்து வெளியே வந்தால் கால்வாய்த் தண்ணீரில் வெயில் சாய்ந்திருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், பட்டப்பகலில், நாலு பேர் முன்னால். திருச்சியில் இது நடக்காது.

டிசம்பர் 23, திங்கள்

மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை சார், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. போனில் மதிவதனி, "அப்பா ஓகேவாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அவரையே பேசச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 25, புதன்

பெட்டியைப் பிரித்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு குக்கர், மறுபடி அதனதன் இடத்தில். கூடவே இன்னொரு தட்டும் டம்ளரும் வாங்கிவந்து வைத்தார். என் டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. கெய்சரையும் பழுது பார்த்துவிட்டார், இனி எனக்குச் சொல்லக் குறையே இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

இருவருமாக மெஹ்ரோலி போனோம். இடிந்த சுவர், மசூதி, படிக்கிணறு எல்லாம் பார்த்தோம். ஒவ்வொரு சுவருக்கும் என்ன சாந்து, எப்படிப் பூசினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மத்தியானமே அவருக்குக் கால் வலித்தது, திரும்பிவிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 30, திங்கள்

விடியற்காலை ரயில். நிஜாமுதீன் நடைமேடையில் மூட்டத்தில் எதிர்த் தண்டவாளமே தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பி வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிப்ரவரில ஒரு மாசம் வந்து இருக்கட்டுமா? கடையைத் தம்பி பாத்துப்பான்."

வாருங்கள் என்றுதான் உடனே வாயில் வந்தது. அது உண்மையும்கூட. அதோடு நிறுத்தியிருந்தால் பழைய சாந்தாதான்.

"வாங்க. ஒரு மாசம் என்ன, ரெண்டு மாசம் இருங்க" என்றேன். "ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் நான் தனியாப் போவேன்."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விசில் ஊதி வண்டி நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன்.

"சரி, அன்னைக்கு நான் சமைச்சு வைக்கறேன்" என்றார். "எத்தனை மணிக்கு வருவ?"

"தெரியாதுங்க" என்றேன்.

அவர் சிரித்தபடியே கை காட்டினார்.